லண்டனை மூடிய புகைப்பனி

சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் உடனே துப்பிவிடுகிறோம். குடிநீர் சற்றே கலங்கியிருந்தால் வடிகட்டுகிறோம், காய்ச்சுகிறோம். ஆனால் நாள் ஒன்றுக்கு 20,000 முறைக்கு மேல் உள்ளே இழுத்து வெளியே விடுகின்ற காற்றை மட்டும் நாம் ஆராய்வதே இல்லை. ஒருவர் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். அதை நிறுத்துப் பார்க்க முடியுமானால் 12 கிலோ அளவுக்கு இருக்கும். நாம் ஒரு நாளில் உண்ணும் உணவையும் பருகும் நீரையும் சேர்த்தாலும் அந்த எடை வாராது. உணவு பிடிக்காவிட்டால் ஒரு வேளை பட்டினி கிடக்கலாம். காற்று பிடிக்கவில்லை என்று மூச்சை அடக்கிக் கொண்டு எத்தனை நிமிடம் இருக்க முடியும்?

மாணவ நண்பர்களே, காற்று மாசுபட்டால் உடல்நலம் கெடும் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் சொல்வர். பாடப் புத்தகத்தில் அவ்வாறு அச்சிட்டிருக்கிறது. ஆயினும் இவ்வுண்மையை உலகம் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. புகை என்பது கண்ணைக் கரிக்கும், துணியை அழுக்காக்கும், சிறிது இருமலைத் தரும் என்ற அளவில்தான் அறிவாளிகளும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது ஆயிரக்கணக்கில் உயிரையும் கொள்ளும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லண்டன் மாநகரத்தில். அந்த ஐந்து நாட்களின் கதையைத்தான் இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

லண்டனுக்கும் புகைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. 1306ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு மன்னர் நிலக்கரி எரிப்பதைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். ஆனால் காடுகள் குறைந்து விறகின் விலை ஏறிக்கொண்டே போகையில், மன்னரின் ஆணைக்கு அடுப்பு கட்டுப்படுமா? 1661இல் ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் லண்டனின் புகையைக் குறித்து ஒரு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். புகை கக்கும் தொழில்களை நகருக்கு வெளியே கொண்டு போகவேண்டும், நறுமணம் வீசும் செடிகளை நகரைச் சுற்றி நடவேண்டும் என்பன அவர் கூறிய யோசனைகள். மன்னர் மகிழ்ந்தார், புகை மட்டும் இருந்தபடியே இருந்தது. பின்னர் இயந்திரத் தொழில் வளர்ந்த 19ஆம் நூற்றாண்டில், குளிர்காலத்து மூடுபனியோடு நிலக்கரிப் புகையும் கலந்து மஞ்சள் நிறமாக நகரின் மேல் இறங்குவது ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயிற்று. அயலூரார் அதைக் கண்டு வியந்தனர், ஓவியர் தீட்டினர், கதாசிரியர் தம் கதைகளில் கொலைகாரர் மறைந்து செல்ல அதைப் பயன்படுத்திக்கொண்டனர். 1905இல் டெ வோ என்னும் மருத்துவர் புகையைக் குறிக்கும் 'ஸ்மோக்' என்ற சொல்லையும் பனியைக் குறிக்கும் 'ஃபாக்' என்ற சொல்லையும் இணைத்து 'ஸ்மாக்' என்றொரு புதுச் சொல்லை வழங்கினார். நாம் அதைப் புகைப்பனி என்போம்.

1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் லண்டனில் குளிர் கடுமையாக இருந்தது. 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை. காற்று அசையவில்லை. நகரின் மேல் உயரழுத்த மண்டலம் ஒன்று வந்து நிலைத்துவிட்டது. இங்கே வானிலையின் நுட்பம் ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். பிறவெல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

வழக்கமாகத் தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே செல்லும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நாம் கோடையில் போவது இதனால்தான். அடுப்பிலிருந்து எழும் சூடான புகை, தன்னைச் சூழ்ந்த குளிர்ந்த காற்றைவிட இலேசாக இருப்பதால் மேலே மேலே ஏறிக் கலைந்து போகின்றது. ஆனால் காற்றசைவற்ற நீண்ட குளிர்கால இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகின்றது. தரையை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்து போகின்றது. அதே வேளையில் உயரழுத்த மண்டலத்தில் மேலிருந்து இறங்கும் காற்று அழுந்தி வெப்பமடைகின்றது. ஆகவே கீழே குளிர், மேலே வெப்பம் என்று முறை தலைகீழாகிவிடுகின்றது. இதனை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பர். இப்போது புகை மேலெழுந்தால், சிறிது உயரத்திலேயே தன்னைவிட வெப்பமான காற்றைச் சந்திக்கின்றது. அதற்கு மேல் ஏற இயலாமல் அங்கேயே தேங்குகின்றது. பானையின் வாயை மூடியால் அடைத்தாற்போலத்தான். அந்த நாட்களில் லண்டன் நகரின் மேல் அந்த மூடி 100 முதல் 200 மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் பல லட்சம் வீடுகளின் புகையும் அடைபட்டது.

வீடுகளின் புகை என்று சொன்னேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காற்றைக் கெடுப்பது யார் என்று கேட்டால், ஆலைகளின் உயர்ந்த புகைக்கூண்டுகளையே நாம் சுட்டிக்காட்டப் பழகியிருக்கிறோம். லண்டனில் பாட்டர்சீ, பாங்க்ஸைடு முதலிய மின்சார நிலையங்கள் இருந்தன. அவையும் புகை விட்டன. ரயில் எஞ்சின்களும் விட்டன. அவ்வாண்டு ஜூலையில்தான் நகரின் டிராம் வண்டிகள் முற்றிலும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் டீசல் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஆனால் பிரிட்டனின் புகையில் ஏறத்தாழப் பாதி, சாதாரணக் குடும்பத்தார் குளிர்காய்வதற்குத் தம் கூடத்தில் வைத்திருந்த கணப்படுப்புகளிலிருந்து வந்தது. எரிந்த நிலக்கரியில் வீடுகளின் பங்கு சிறிது. புகையில் பங்கு பெரிது. காரணம், ஆலையின் கொதிகலனில் கரி நன்றாக எரியும். வீட்டு அடுப்பிலோ அரைகுறையாகப் புகைந்துகொண்டிருக்கும். அக்காலத்தில் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருந்தது. உலகப் போரினால் பிரிட்டன் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. உயர்ந்த தரமான நிலக்கரியை அயல்நாடுகளுக்கு விற்று, தூளும் துகளுமான கந்தகம் மிகுந்த மலிவுக் கரியைத் தன் மக்களுக்கு விட்டது. குளிரில் நடுங்கும் ஏழைக் குடும்பம் கிடைத்த கரியை எரிக்காமல் என்ன செய்யும்?

வெள்ளியன்று தொடங்கிய பனி, சனிக்கிழமை கடுமையாயிற்று. ஹீத்ரோ விமான நிலையத்தில் 6ஆம் தேதி காலை முதல் ஏறக்குறைய 48 மணி நேரம் 10 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தேம்ஸ் நதிக்கரையின் சில பகுதிகளில் நடப்பவர் தம் கால்களையே காண இயலவில்லை. பஸ்கள் நின்றன. நிற்பதற்கு முன் சில பஸ்களுக்குக் கண்டக்டர்கள் தீப்பந்தம் ஏந்தி முன்னால் நடந்து வழி காட்டினர். நிலத்தின் அடியில் ஓடும் ரயில் மட்டுமே ஓடியது. நோயாளரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டிகளும் நகர முடியாமல் போகவே, மூச்சுத் திணறியவர்கள் தாமே சுவரைத் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. அப்படிப் போகையில் இன்னும் அதிகமாக அந்தக் காற்றையே விழுங்கினர்.

புகைப்பனி தெருவோடு நிற்கவில்லை. கதவிடுக்கு வழியே வீட்டுக்குள்ளும் நுழைந்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் வெர்டியின் 'லா டிராவியாட்டா' என்னும் இசை நாடகம் நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவி கடைசிக் காட்சியில் காசநோயால் இறப்பவள். முதல் அங்கம் முடிந்ததோடு நாடகத்தை நிறுத்திவிட்டனர். அரங்கினுள் நிறைந்த புகையில் மேடை தெரியவில்லை, சபையோரின் இருமலும் அடங்கவில்லை. நுரையீரல் நோயைப் பற்றிய நாடகம் நுரையீரலுக்கு ஆகாத காற்றினால் நின்றது என்பது விதியின் வேடிக்கைதான்.

அதே வாரத்தில் ஏர்ல்ஸ் கோர்ட்டில் பெயர்பெற்ற ஸ்மித்ஃபீல்டு கால்நடைக் காட்சி நடந்தது. அங்கே வந்திருந்த கொழுத்த பரிசு மாடுகளில் ஒரு டஜன் அளவில் மூச்சுத் திணறி மாண்டன, அல்லது பிழைக்காத நிலையில் கொல்லப்பட்டன. ஆடுகளுக்கும் பன்றிகளுக்கும் அவ்வளவு கேடு நேரவில்லை. இதற்குப் பின்னாளில் ஒரு விளக்கம் கூறினர். பரிசு மாடுகளின் தொழுவத்தில் சாணமும் சிறுநீரும் உடனுக்குடன் அகற்றப்பட்டன. மற்றவற்றின் படுக்கையை அவ்வளவு அக்கறையாக மாற்றவில்லை. அதிலிருந்து எழுந்த அம்மோனியா, காற்றிலிருந்த அமிலத்தை ஓரளவு முறித்துவிட்டது என்பது அவ்விளக்கம். முற்றிலும் சரியோ இல்லையோ, வேதியியல் மாணவர் சிந்திக்கத் தக்க செய்தி. மற்றொன்றும் கவனியுங்கள்: மாடுகள் இறந்த செய்தி உடனே பத்திரிகைகளில் வந்தது. மனிதர் இறந்துகொண்டிருந்த செய்தி வரவில்லை.

ஏன்? அதுதான் இந்தக் கதையின் மையம். வெள்ளமோ பூகம்பமோ வந்தால் பிணங்கள் ஓரிடத்தில் கிடக்கும், கூக்குரல் எழும். லண்டனில் அப்படி எதுவும் இல்லை. ஒரு தெருவில் ஒரு முதியவர், இன்னொரு தெருவில் ஒரு கைக்குழந்தை, வேறொரு வீட்டில் பல ஆண்டுகளாக மார்ச்சளியால் வருந்திய ஒரு தொழிலாளி என்று தனித்தனியாக, தத்தம் படுக்கையில், குடும்பத்தார் நடுவே இறந்தனர். குளிர்காலத்தில் முதியோர் இறப்பது புதிதன்று என்று ஒவ்வொரு வீட்டாரும் எண்ணினர். மருத்துவர் ஒருவர் தம்மிடம் வந்த சிலரை மட்டுமே அறிவார்; மொத்தம் எவ்வளவு என்பதை அறியார். சவப்பெட்டி செய்வோரிடம் பெட்டிகள் தீர்ந்தன என்றும், பூக்கடைகளில் மலர்வளையங்கள் கிடைக்கவில்லை என்றும் சொல்வர். முதலில் உண்மையை உணர்ந்தவர்கள் அவர்கள்தாம் போலும்.

9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காற்று வீசியது, பனி கலைந்தது. நகரம் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. பிறகுதான் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பேசின. டிசம்பர் 13ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் பெருநகர லண்டனில் பதிவான இறப்புகள் 4,703 என்றும், அதற்கு முந்தைய ஆண்டின் அதே வாரத்தில் அவை 1,852 மட்டுமே என்றும் சுகாதார அமைச்சர் பார்லிமென்டில் பதில் அளித்தார். 8, 9 ஆகிய தேதிகளில் நாள் ஒன்றுக்கு 900 பேர் வரை இறந்திருந்தனர். மார்ச்சளி, நிமோனியா ஆகியவற்றால் நேர்ந்த இறப்பு ஏழு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. கணக்கெடுத்து எழுதுபவனை நாம் வெறும் குமாஸ்தா என்று குறைவாக நினைக்கிறோம். எந்த மருத்துவரின் கண்ணுக்கும் படாத கொலையைக் கண்டுபிடித்தவன் அந்தக் குமாஸ்தாவே.

அரசாங்கம் இதை மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. புகைப்பனியால் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என்ற அளவில் ஒப்புக்கொண்டது. ஆனால் பனி கலைந்த பின்னும் அடுத்த இரண்டு மூன்று மாதங்கள் வரை இறப்பு எண்ணிக்கை வழக்கத்துக்கு மேலாகவே இருந்தது. அது இன்ஃபுளுவென்சா காய்ச்சலின் வேலை என்று கூறி அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டனர். அரை நூற்றாண்டு கழிந்து 2001இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் பழைய பதிவேடுகளை மீண்டும் புரட்டினர். அவ்வளவு இறப்புக்கும் இன்ஃபுளுவென்சாவைக் காரணம் காட்ட முடியாது என்றும், மொத்தம் ஏறக்குறைய 12,000 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்திருக்கின்றனர் என்றும் அவர்கள் கணித்தனர். நஞ்சு அருந்தியவன் அன்றே இறக்கவேண்டும் என்ற நியதி இல்லையே. பழுதுபட்ட நுரையீரலோடு ஜனவரி வரை உயிரை இழுத்துப் பிடித்துப் பின் இறந்தவனும் அதே நஞ்சினால் இறந்தவன்தான்.

அந்தக் காற்றில் என்னதான் இருந்தது? லண்டன் நகராட்சி மன்றக் கட்டடத்தில் எடுத்த அளவீட்டின்படி, 4ஆம் தேதி கன மீட்டர் ஒன்றுக்கு 0.49 மில்லிகிராமாக இருந்த புகைத்துகள், 7, 8 தேதிகளில் 4.46 மில்லிகிராமாக உயர்ந்தது. அதாவது ஒன்பது மடங்கு. இதனோடு நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிவதால் உண்டாகும் கந்தக டை ஆக்ஸைடு வாயுவும் மிகுந்திருந்தது. அவ்வாயு பனித்துளிகளில் கரைந்து, பிராணவாயுவோடு மேலும் கூடிக் கந்தக அமிலமாக மாறுகின்றது. நாள் ஒன்றுக்கு 800 டன் அளவில் அந்த அமிலம் நகரின் மேல் உண்டாயிற்று என்று வானிலை நிபுணர் கணக்கிட்டிருக்கின்றனர். இந்த மாற்றம் அவ்வளவு விரைவாக நிகழ்ந்தது எப்படி என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கரி எரிகையில் கூடவே உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு இதற்குத் துணை புரிந்தது என்று காட்டியது. பனித்துளி பெரிதாக இருந்தவரையில் அமிலம் நீரில் நீர்த்திருந்தது. பகலில் துளிகள் ஆவியாகச் சுருங்கியபோது அமிலம் செறிந்து நின்றது.

இனி நுரையீரலுக்குள் போவோம். இயற்கை நமக்கு நல்ல காவலர்களை வைத்திருக்கின்றது. பெரிய தூசியை மூக்கின் மயிர்கள் தடுத்துவிடும். அதைக் கடந்து வருவது மூச்சுக்குழலின் சுவரிலுள்ள சளியில் ஒட்டிக்கொள்ளும். அச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் நெல்வயலில் கதிர் அசைவதுபோல் ஓயாது அசைந்து, அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் மிக நுண்ணிய துகள் இந்தக் காவலையெல்லாம் ஏமாற்றிவிடும். ஒரு தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள் நுரையீரலின் கடைசி அறைகளாகிய சிற்றறைகள் வரை சென்று படிகின்றது. அச்சிற்றறைகளைப் பிரித்து விரித்தால் 700 சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பாகும். ஒரு சிறு வீட்டின் தரையளவு. அங்கேதான் இரத்தம் பிராணவாயுவைப் பெற்றுக் கரியமிலவாயுவை விடுகின்றது. இரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே உள்ள திரை மிக மிக மெல்லியது.

அமிலமும் புகைத்துகளும் அங்கே பட்டவுடன் மூச்சுக்குழல்கள் அஞ்சியவை போல் சுருங்குகின்றன; சளி மிகுதியாகச் சுரக்கின்றது; நுண்ணிழைகள் சோர்ந்துவிடுகின்றன. ஏற்கெனவே மார்ச்சளியால் அடைபட்டிருந்த முதியவருக்கு இது மேலும் ஒரு முடிச்சு. பிராணவாயு குறையக் குறைய இருதயம் வேகமாக உழைக்கின்றது. தளர்ந்த இருதயம் அவ்வுழைப்பைத் தாங்குவதில்லை. குழந்தைகளின் மூச்சுக்குழல் இயல்பாகவே குறுகியது. அது சிறிது வீங்கினாலும் வழி அடைந்துவிடும். லண்டனில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் முதியவர்களும் மிகுதியாக இறந்ததன் காரணம் இதுவே. புகையில் நீந்திய துகளால் இரத்தம் கட்டியாக உறையும் இயல்பும் மிகுகின்றது, அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் நேர்கின்றன என்பவை பிற்காலத்தில் தெரிந்த உண்மைகள்.

1953 ஜூலையில் சர் ஹ்யூ பீவர் என்பவரின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1954 நவம்பரில் அக்குழு தன் முடிவான அறிக்கையை அளித்தது. உயிரிழப்பை மட்டும் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, காற்று மாசினால் நாட்டுக்கு ஆண்டுதோறும் 25 கோடி பவுன் நஷ்டம் என்று பீவர் குழு கணக்குக் காட்டியது. அப்போதும் அரசாங்கம் சட்டம் கொண்டுவரத் தயங்கியது. ஜெரால்டு நபாரோ என்னும் உறுப்பினர் தாமே ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்த பின்னர்தான் அரசாங்கம் அசைந்தது. 1956ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் தண்டனைப் பகுதியை அன்று. புகை கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஓரிடத்தை அறிவித்தால், அங்குள்ள குடும்பங்கள் தம் பழைய கணப்படுப்பை மாற்றிப் புகையில்லா எரிபொருளுக்கு ஏற்றதாக அமைத்துக்கொள்ளவேண்டும். அதற்காகும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அச்சட்டம் கூறியது. ஓர் ஏழையின் அடுப்பைக் குற்றவாளியாக்குவது எளிது. அதற்கு மாற்று அடுப்பு எங்கே என்று கேட்டு விடை சொல்வது கடினம். கணப்படுப்பின் முன் குடும்பத்தோடு அமர்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆங்கிலேயருக்கு வீட்டின்பத்தின் அடையாளம். அதை விடுவதற்கு மக்களுக்கு மனமும் எளிதில் வரவில்லை. ஆகவே பலன் மெல்லத்தான் வந்தது. 1962 டிசம்பரில் மீண்டும் ஒரு புகைப்பனி லண்டனை மூடிச் சில நூறு பேரைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு அத்தகைய பெரும் புகைப்பனி வரவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் நாட்டு அடுக்களை நினைவுக்கு வருகின்றது. என் அத்தை ஈர விறகையும் வறட்டியையும் அடுப்பில் திணித்து, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து இருமுவதைச் சிறு வயதில் நான் நாள்தோறும் பார்த்தேன். ஓடுகளின் அடிப்பக்கமும் உத்தரமும் கரியேறிப் பளபளக்கும். அதே கரி அவள் மார்பிலும் ஏறியிருக்கும் என்று எங்களில் எவரும் எண்ணவில்லை. பெண்பிள்ளைக்குப் புகை பழகிப்போகும் என்றே வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சென்று அடுக்களைக் காற்றை அளந்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகும் வறட்டியும் எரியும் வீடுகளில் நுண்துகளின் அளவு, எரிவாயு எரியும் வீடுகளைவிட மிக மிக அதிகம் என்பதும், சமைப்பவரே அதில் பெரும்பங்கை உட்கொள்கிறார் என்பதும், சமைக்காமல் வீட்டில் இருப்பவரும் தப்புவதில்லை என்பதும் அதனால் தெளிவாயின. தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தையும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டத்தையும் நான் வெறும் சலுகையாகக் கருதுவதில்லை; அவை நோய்த்தடுப்பு வேலையாகும். ஆனால் அடுப்பு வந்தால் போதாது. தீர்ந்த சிலிண்டரை மறுபடி வாங்கக் கையில் பணம் இருக்கவேண்டும். இல்லையேல் அந்த அடுப்பு மூலையில் இருக்கும், பழைய அடுப்பு புகையும்.

புகைப்பனி ஒழிந்ததும் காற்று தூய்மையாகிவிட்டது என்று லண்டன் மக்கள் மகிழ்ந்தனர். கண்ணுக்குத் தெரிந்த புகைதான் ஒழிந்தது. அமெரிக்காவில் ஆறு நகரங்களில் 8,000க்கு மேற்பட்ட மக்களை 14 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி 1993இல் வெளியாயிற்று. அந்நகரங்களில் எதிலும் 1952 லண்டனைப் போன்ற மூட்டம் இருந்ததில்லை. இருப்பினும் நுண்துகள் மிகுந்த நகரத்தாரின் இறப்பு வீதம், குறைந்த நகரத்தாரைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. புகைபிடித்தல் முதலிய மற்றக் காரணங்களைக் கழித்த பின்னும் அந்த வேற்றுமை நின்றது. 2013இல் வெளிப்புறக் காற்றின் மாசு மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம், நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகலாகாது என்று தன் பழைய அளவைப் பாதியாகக் குறைத்தது. நம் நாட்டில் 2009இல் வகுத்த அளவு 40. வெளிக்காற்றும் அடுக்களைக் காற்றும் சேர்ந்து உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 லட்சம் உயிர்களைக் கொள்கின்றன என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் சிறிது வாசலைன் தடவி மொட்டை மாடியில் ஒரு நாள் வைத்துவிட்டு, மறுநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். போகிப் பண்டிகைக்கு முதல்நாள் ஒன்றும், போகியன்று விடியலில் ஒன்றும் வைத்தால் வேற்றுமை நன்றாகத் தெரியும். அந்தப் பருவத்து விடியற்காலையில் நம் ஊரிலும் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தேங்குவதுண்டு. அந்த வேளை பார்த்துப் பழைய டயரையும் பாயையும் கொளுத்துகிறோம். 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னை மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்கு அது மூடியது. ஆனால் அந்தக் கண்ணாடியில் நீங்கள் காண்பது பெருந்துகளை மட்டுமே. நான் மேலே சொன்ன கொடிய நுண்துகள் அந்த உருப்பெருக்கிக்கும் அகப்படாது.

1952 டிசம்பரில் லண்டனில் மாண்டோரின் சான்றிதழ்களில் மார்ச்சளி என்றும் நிமோனியா என்றும் இருதய நோய் என்றும் எழுதினார்கள். அவர்களைக் கொன்ற காற்றின் பெயரைத் தனியொருவரின் சான்றிதழில் எழுதும் வழக்கம் இல்லை. அதே லண்டனில், வாகனங்கள் இடைவிடாது செல்லும் ஒரு பெருஞ்சாலையின் அருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பலமுறை ஆஸ்துமாவால் ஆஸ்பத்திரிக்குப் போய், 2013 பிப்ரவரியில் இறந்தாள். அவளுடைய தாய் ஓயாமல் போராடி மறுவிசாரணை கேட்டார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அச்சிறுமியின் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பு எழுதினார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புக்குக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பி, நுண்துகளுக்கான நாட்டின் சட்ட அளவை உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவுக்கு இறக்கவேண்டும் என்று எழுதினார்.